பொறி பிறக்கும் வேளை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாகப் பல்லேகமவுக்குச் செல்லும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரில் ரிவஸ்டன் வரை வளைந்து வளைந்து ஏறி, பின்னர் இலுக்கும்புரப் பக்கமாக இறங்குகின்றது. அவ்வேற்றத்தில் பழைய மோட்டார் வண்டியொன்று குடும்பத்தைச் சுமந்து செல்லுங்கால், இயந்திரத்தினுள்ளே யாரோ சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுவதுண்டு. புதிய வண்டிகளில் அவ்வோசை பெரும்பாலும் கேட்பதில்லை. காரணம் யாது? பெற்றோலுக்குத் தீயிடும் வேளையை இன்று ஒரு சிறு கணினி கவனித்து வருவதேயாம்.

சிலிண்டரிலே பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து அழுத்துகின்றது. பிளக் பொறியிட்டவுடன் கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவுதற்கு ஒரு செக்கனை ஆயிரம் கூறாக்கியதில் இரண்டு கூறு வேண்டுமெனக் கொள்வோம். நிமிடத்துக்கு 1,000 முறை சுழலும் இயந்திரம் அதற்குள் 12 பாகை திரும்பிவிடும். 3,000 முறை சுழல்வதாயின் 36 பாகை திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி பிறத்தல் வேண்டும். வேகம் கூடக்கூடப் பொதுவாக இன்னும் முந்துதல் வேண்டும்.

பொறி பிந்தினால் வலு குறையும், பெற்றோல் வீணாகும். அளவு மீறி முந்தினாலோ, தீ சென்றடையாத மூலையிலுள்ள கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காது தானே வெடிக்கும். சுத்தியலோசை இதுவே. மலையேற்றத்திற் சுமை மிகுதலின் இவ்வபாயமும் மிகுகின்றது. நீடித்தால் பிஸ்டனே பழுதுறும்.

1908இல் வெளிவந்த ஃபோர்ட் 'டி' வண்டியில், சாரதியே ஒரு நெம்பைக் கையால் நகர்த்தி இவ்வேளையை மாற்றினார். மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளில், டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள சிறு எடைகளும் உறிஞ்சலால் அசையும் சவ்வும் அப்பணியை ஏற்றன. அவை வேகத்தையும் சுமையையும் அறிந்தன. பெற்றோலின் தரத்தை அறியவில்லை. 1977இல் ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ வண்டியில் நுண்கணினி இப்பொறுப்பை ஏற்றது.

இன்றைய வண்டிகள் பலவற்றில், சுழல்தண்டோடு திரும்பும் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடமிருக்க, 58 பற்களே உள. வெறுமையான அவ்விடமே பிஸ்டனின் நிலையைக் கணினிக்கு உணர்த்தும் அடையாளம். உட்செல்லும் காற்றின் அளவையும் இயந்திரத்தின் வெப்பத்தையும் அறிந்து, கணினி பொறிக்குரிய வேளையைக் குறிக்கின்றது. இயந்திரத்தின் உடலிற் பொருத்திய உணர்கருவி ஒரு செவி போன்றது. தட்டும் அதிர்வை அது உணர்த்தியதும், கணினி பொறியைச் சில பாகை பிந்தச் செய்கின்றது. அதிர்வு அடங்கியபின் மெல்ல மெல்ல மீட்கின்றது.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. 95 ஒக்டேன் வேண்டுமென விதித்த வண்டிக்கு 92 ஒக்டேன் பெற்றோலை ஊற்றினால், கணினி ஓசையை அடக்கிவிடக்கூடும். ஆனால், பொறியைப் பிந்தவைத்தே அடக்குகின்றது. ஏற்றத்தில் வலு குறையும். ஒரு லீற்றருக்கு ஓடும் தூரமும் குறையும். பம்பில் மிச்சம்பிடித்த பணத்திற் பங்கு பாதையிலே போய்விடும். அச்செவி பழுதுற்றால் எச்சரிக்கை விளக்கே நமக்கு அறிவிக்கும். ஆதலின் இயந்திரத்தின் மௌனத்தை மட்டும் நம்பாது, கைந்நூல் விதித்த பெற்றோலை ஊற்றுவோம். விளக்கு எரியுமாயின், மலையேறுமுன் வண்டியைப் பரிசோதிப்பிப்போம்.