நாலு அரிசி கனம்

பொம்மைப் படகுதானே என்று அலட்சியம் வேண்டாம். ரேடியோ கன்ட்ரோல் பந்தயப் படகின் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 30,000 முறை சுற்றக்கூடியது. அதன் ஓர் இதழில், மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி, வெறும் 0.1 கிராம் கூடுதலாக இருக்கட்டும். நாலைந்து அரிசியின் எடைதான். அந்த வேகத்தில் அது சுமார் 2 கிலோ கனத்துடன் ஷாஃப்டைப் பிடித்து இழுக்கும். பேரிங் தேயும். தேய்ந்த இடம் வழியே தண்ணீர் நுழையும். படகு நடுக்குளத்தில், நீங்கள் கரையில்.

இதைத் தவிர்க்கத்தான் பேலன்சர். முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் தண்டு சிறு சக்கரங்கள் மீது உருளும். மற்றதில் காந்தங்களுக்கு இடையே, ஒரு முனை மட்டும் தொட்டபடி நிற்கும். இதில் உராய்வு குறைவு, துல்லியம் அதிகம். ஆனால் பல பேலன்சர்கள் மாதிரி விமானங்களுக்காகச் செய்யப்பட்டவை. படகு புரொப்பெல்லரின் துளை பெரும்பாலும் 4 அல்லது 4.76 மில்லிமீட்டர். அதில் தண்டு நுழையுமா, ஆடாமல் மையத்தில் பிடிக்குமா என்பதே முதல் கேள்வி. விலை அப்புறம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு இதழ் புரொப்பெல்லரை மாட்டி, எந்த இதழ் கீழே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்டின் மீது அதை அரைச் சுற்று திருப்பி மாட்டுங்கள். மீண்டும் அதே இதழ் இறங்கினால் கோளாறு புரொப்பெல்லரில், உப்புத்தாள் போதும். மற்ற இதழ் இறங்கினால் கோளாறு பேலன்சரில். அதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.