வராதவரின் கையொப்பம்

தமிழில் 'வாழாவெட்டி' என்றொரு சொல் இருக்கிறது. கணவன் கைவிட்ட பெண்ணுக்கு இந்தச் சமூகம் வைத்த பெயர். கைவிட்ட ஆணுக்கு அப்படி ஒரு பெயரை நாம் வைக்கவில்லை. அவன் வேலை மாறினால் வேலை மாறியவன், ஊர் மாறினால் ஊர் மாறியவன், இன்னொருத்தியைக் கட்டினால் மாப்பிள்ளை. அகராதியில் உள்ள இந்த ஓட்டையைப் பற்றி வகுப்பில் பலமுறை பேசியிருக்கிறேன். மாணவிகள் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள். இந்த ஓட்டை அகராதியோடு நிற்பதில்லை. அரசாங்கங்கள் அச்சடித்த படிவங்களிலும் இருக்கிறது. கணவனை நம்பி அமெரிக்கா போன பெண், அவன் விட்டுப்போன பிறகு தன் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது நேராக அதில் விழுகிறாள்.

முதலில் அவளை அங்கே கொண்டு சேர்க்கும் விசாவைப் புரிந்துகொள்வோம். மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்த ஆண் எச்-1பி விசாவில் போகிறான். மனைவிக்கும் குழந்தைக்கும் கிடைப்பது எச்-4. அது சார்ந்திருப்போர் விசா. பொறியியல் படித்திருந்தாலும் முனைவர் பட்டம் பெற்றிருந்தாலும் அவள் அந்த நாட்டில் இருப்பதற்கு ஒரே காரணம் அவனுடைய மனைவி என்பதுதான். எச்-4 பெண்களில் சிலர் வேலை செய்யலாம் என்று 2015இல் விதி வந்தது. அதற்கும் கணவனின் நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அவள் சம்பாதிப்பதற்கான அனுமதிகூட அவன் கோப்பில்தான் இருக்கிறது.

இந்தத் திருமணம் முறிந்து விவாகரத்து ஆகிவிட்டால் மனைவியின் எச்-4 தகுதி போய்விடும். குழந்தையின் தகுதி போகாது, ஏனென்றால் அது அவனுடைய குழந்தை. பெற்று, பால் கொடுத்து, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்குக் கண்விழித்தவள் சட்டத்தின் கண்ணில் அந்நியளாகிவிடுவாள். எட்டிப் பார்க்காதவன் தகப்பனாகவே நீடிப்பான்.

குழந்தை இங்கே பிறந்து, கைக்குழந்தையாக அங்கே போயிருந்தால் அதன் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். சிறார் பாஸ்போர்ட்டுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். அது தீரும் நேரத்தில் புதுப்பிக்காவிட்டால் விளையாட்டில்லை. பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள்வரை மட்டுமே தங்க அனுமதிப்பது அமெரிக்க விமான நிலையங்களில் அதிகாரிகள் கடைப்பிடிக்கும் வழக்கம். அந்த நாள் தாண்டினால் முதல் வகுப்புப் படிக்கும் சிறுமி சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவள் ஆகிவிடுவாள்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கு இது நடந்தது. ஆறு வயது மகளின் பாஸ்போர்ட் தீர நான்கு மாதம் இருந்தது. கணவன் வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை ஆண்டு. அதே மாநிலத்தில் இருந்த அக்காவின் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில், "அப்பா கையெழுத்து எங்கே?" என்று கேட்டார்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்றாள். "அப்படியென்றால் விவாகரத்து ஆணை கொண்டுவாருங்கள்" என்றார்கள். அந்தப் பதிலைச் சொன்னவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று தெரியுமா? விவாகரத்து வாங்கினால் அவள் அந்த நாட்டில் இருக்கும் உரிமையே போய்விடும். வாங்காவிட்டால் மகளின் பாஸ்போர்ட் நகராது. மகளுக்குக் காகிதம் வேண்டுமானால் தாய் காகிதம் இழக்க வேண்டும்.

விளக்கக் கடிதம் எழுத உதவுங்கள் மேடம் என்று என்னை அழைத்தாள். எழுதத் தெரியாதவள் அல்ல, நன்றாக எழுதக்கூடியவள். எதை எழுதினால் குழந்தைக்குப் பின்னால் சிக்கலாகும் என்ற பயம். தடுப்பூசி அட்டையில் அவள் கையெழுத்து. பள்ளியில் குழந்தையை அழைத்துப்போக அனுமதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவளும் அக்காவும். பல் மருத்துவர் ரசீதில் அவள் பெயர். அவனுக்கு அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக். இவ்வளவும் இருந்தும் அவள் ஒருத்தி போதும் என்று கவுண்டரில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வளர்ப்பதற்கு அத்தாட்சி குவிந்து கிடந்தது. அவர்கள் கேட்டதோ அவன் இல்லாததற்கு அத்தாட்சி.

கடைசியில் அவன் கிடைத்தான். அவனுடைய அண்ணன் வழியாகக் கிடைத்தான். ஒன்றரை ஆண்டாகக் குழந்தையின் பிறந்தநாளுக்குக் கிடைக்காதவன், தன் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் கிடைத்தான். ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், நகைகளைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி அனுப்பினான். எழுதிக் கொடுத்தாள். பாஸ்போர்ட் வந்தது. இதை ஒரு தனி மனிதனின் கயமை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கையெழுத்தை விற்பனைப் பொருளாக்கியது அவன் அல்ல. அவனிடம் சரக்கைக் கொடுத்துவைத்தது அந்தப் படிவம்.

இத்தனைக்கும் இந்திய விதிகள் இப்போது பழைய விதிகள் இல்லை. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தியது. பெற்றோர் இருவரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்றது. பிரிந்து வாழ்பவர்கள் துணைவரின் பெயரைத் தர வேண்டியதில்லை என்றது. பெற்றோரில் ஒருவர் ஒப்புதல் தராத நிலையில் மற்றவர் காரணத்தைச் சொல்லி உறுதிமொழி கொடுத்து விண்ணப்பிக்க 'இணைப்பு சி' என்றொரு படிவம் இருக்கிறது. அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம், தனித்தாய் வளர்த்த மகளின் வழக்கில், தந்தை பெயரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. விதி மாறிவிட்டது, கவுண்டரில் இருக்கும் மனம் மாறவில்லை. 2025இல்கூட ஒரு பெண் தன்னுடைய சொந்தப் பாஸ்போர்ட்டுக்குக் கணவனின் கையெழுத்து தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. வயது வந்த பெண்ணுக்கே இந்த நிலை என்றால், அவள் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு யார் பேசுவது?

அந்த மனம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் போய் நிற்போம். அதன் 6ஆம் பிரிவின்படி குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை. 'அவருக்குப் பின்' தாய். 1999இல் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், 'அவருக்குப் பின்' என்பதை 'அவர் இறந்த பின்' என்று மட்டும் படிக்க வேண்டாம், 'அவர் இல்லாத நிலையில்' என்றும் படிக்கலாம் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் சொல்லின் பொருளை அகலப்படுத்தினார்களே தவிர, வரிசையை மாற்றவில்லை. அவன் முதலில், அவள் பின்னால். அவன் 'இல்லை' என்று அவள் நிரூபித்தால்தான் அவள் 'இருக்கிறாள்'.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, மாணவிகள் இதைக் கவனிக்க வேண்டும். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தாய், அவளுக்குப் பின்தான் தந்தை. 2015இல் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் காப்பாளராக விண்ணப்பிக்கும்போது தந்தைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டியதில்லை என்றும் சொன்னது. அப்படியானால் தாலிதான் தாயை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறது. பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட கல்யாணம், அவள் குழந்தை மீது அவளுக்குள்ள உரிமையைக் குறைக்கிறது. இதைப் பாடத்திட்டத்தில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

குழந்தை அமெரிக்காவிலேயே பிறந்திருந்தால்? அது அமெரிக்கக் குடிமகள். அங்கும் தப்ப முடியாது. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும். வராதவர் நோட்டரி முன் ஒப்பமிட்ட டிஎஸ்-3053 படிவத்தை அனுப்ப வேண்டும். ஆளே அகப்படாவிட்டால் டிஎஸ்-5525 என்ற படிவத்தில் தாய் விளக்கம் தர வேண்டும். கடைசியாக எப்போது தொடர்பு இருந்தது, கண்டுபிடிக்க என்னென்ன முயற்சி செய்தாய் என்றெல்லாம் எழுத வேண்டும். தேடுவது அவள் வேலை. தேடியதை நிரூபிப்பதும் அவள் வேலை. தொலைந்து போனவனுக்கு வேலையே இல்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளையோடு தாய்வீடு திரும்பும் பெண்களுக்கு இன்னும் கொடுமை. பிறந்த மண்ணில் அவள் பிள்ளை வெளிநாட்டவர். அந்தப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் கடல் தாண்டி இருக்கும் அவன் ஒப்பம் வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். இரு பெற்றோர் ஒப்புதல் விதி குழந்தைக் கடத்தலைத் தடுக்க 2001இல் வந்தது. மனைவியிடம் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறும் தகப்பன்கள் இருக்கிறார்கள். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால், இங்கே கொண்டுவரப்பட்ட பிள்ளையை மீட்பது தாய்க்கும் கடினம். ஆகவே அந்த விதி பெண்களையும் காக்கிறது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை காவலோடு இல்லை. தூக்கிக்கொண்டு ஓடுபவனைத் தடுக்கப் போட்ட பூட்டின் சாவியை விட்டுவிட்டு ஓடியவனின் பையில் ஏன் வைத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. குழந்தையின் பெயரில் யாராவது பாஸ்போர்ட் கேட்டால் தனக்குத் தகவல் வர வேண்டும் என்று பெற்றோர் பதிந்துவைக்கும் ஏற்பாடு அமெரிக்காவிலேயே இருக்கிறது. பயப்படும் பெற்றோருக்கு அது உதவும். அக்கறை உள்ளவர் பதிந்துவைப்பார். அக்கறை இல்லாதவரின் மௌனத்தை எதற்கு மறுப்பாக எண்ண வேண்டும்?

கையெழுத்தைத் தாண்டினாலும் பெயர்க் கட்டம் காத்திருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலையெழுத்து உண்டு. பாஸ்போர்ட்டில் அந்த ஓரெழுத்து விரிந்து தந்தையின் முழுப்பெயராகிக் குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்கப் பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவில் கூப்பிடுவது அந்தப் பெயரை. ஒருநாளும் பள்ளிக்கு வராதவன் தினமும் வகுப்பில் ஆஜர். கட்டத்தை வெறுமையாக விட்டாலோ, குழந்தையின் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், அதன் சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்று அமெரிக்க விசாவில் அச்சாகும். தாயின் பெயரைப் போடலாமே என்று கவுண்டரில் எவரும் சொல்வதில்லை. 2022இல் உச்ச நீதிமன்றம், தந்தை இறந்த குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்றது. தகப்பன் செத்தால் கிடைக்கும் உரிமை, அவன் உயிரோடு ஓடிப்போனால் ஏன் கிடைக்கக் கூடாது?

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். ஓராண்டுக்கு மேல் குழந்தையோடு தொடர்பும் செலவுக்குப் பணமும் இல்லாத தந்தையின் ஒப்புதல் தேவையில்லை என்று விதி எழுதுங்கள். அவருக்குக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். மறுப்பு இருந்தால் முப்பது நாளில் அவர் வந்து காரணம் சொல்லட்டும். நிரூபிக்கும் சுமை விட்டுப்போனவர் தோளுக்குப் போகட்டும். பள்ளிப் பதிவும் தடுப்பூசி அட்டையும் காப்பாளர் அத்தாட்சியாக ஏற்கப்படட்டும். வெளிநாடுகளில் விண்ணப்பம் வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் 'இணைப்பு சி' என்ன என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் நடத்தும் வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள், வருடத்தில் ஒருநாளாவது ஒரு வழக்கறிஞரை அழைத்து உட்காரவைக்கட்டும்.

மணமாகிக் கடல் தாண்டப் போகும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா நகல்கள் உங்களிடமும் இருக்கட்டும். அவருடைய அலமாரியில் மட்டும் இருக்க வேண்டாம். இதைச் சந்தேகம் என்று யாராவது சொன்னால், சொல்லட்டும்.

ஒரு குழந்தைக்கு யார் இருக்கிறார் என்பதை அதன் பள்ளிவாசலில் நான்கு நாள் நின்றால் எவரும் கண்டுகொள்ளலாம். கண்ணெதிரே நிற்கும் தாயை ஒதுக்கிவிட்டு, நிற்காதவனைத் தேடி அவளையே அனுப்பும் படிவத்தை இனி நாம் நடைமுறைச் சிக்கல் என்று அழைக்கக் கூடாது. அதன் பெயர் ஆணாதிக்கம். அதற்குக் கீழே நாம் போடும் கையெழுத்தை நிறுத்துவோம்.