விரல் பறந்தால் போதுமா?

திருப்பாலைவனம் திருவிழா மேடையானாலும் சரி, சென்னை சபாவானாலும் சரி, மின்சார 'பேஸ்' கிதாரில் கர்நாடக சங்கீதம் என்றால் ஜனங்கள் வேகத்துக்குத்தான் கை தட்டுவார்கள். கடினமானது அதுவா?

இல்லை! 1951-ல் அமெரிக்காவில் லியோ பெண்டர் வெளியிட்ட பேஸ் கிதாரில் கம்பிகள் தடித்தவை, நீண்டவை. சங்கராபரணத்தின் துரித ஸ்வரங்களுக்கு, மெட்டு விட்டு மெட்டு தாவினால் பெரும்பாலும் போதும். தோடி காந்தாரமோ அசைந்துகொண்டே இருக்கவேண்டும். அந்தக் கம்பியை இழுத்து அசைப்பது லேசா? அதுவும் விளம்ப காலத்தில்! பிசகினால் மறைக்க இடமே கிடையாது.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) இரட்டைக் கம்பிகளை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்சார மாண்டலினில் வாசித்தார். கமகம் அவ்வளவு முக்கியம்.

பேஸ் வாசிக்கும் பிள்ளைக்கு மார்க் போடுகிறவர்கள், முதலில் தோடியை நிதானமாக வாசிக்கச் சொல்லட்டும்.