கண்ணீருக்குள் ஒரு கண்டனம்

பெண்களுக்கான கண்ணீர்க் கதைகள் என்று சில திரைப்படங்களைக் கற்றோர் ஒதுக்குவதுண்டு. டக்ளஸ் சர்க் 1955இல் இயக்கிய 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' என்னும் ஹாலிவுட் படமும் அவ்வாறு ஒதுக்கப்பட்டதே. அது முறையன்று என்பது நம் கருத்து.

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் வசதியாக வாழும் கைம்பெண் கேரி, தன்னினும் இளையவனான தோட்டக்காரன் ரானை விரும்புகிறாள். ஊர் பழிக்கிறது, வளர்ந்த மக்கள் வெகுள்கின்றனர். அவர்கள்பொருட்டு அவள் காதலைத் துறக்கிறாள். பின்னரோ, மகளுக்குத் திருமணம் உறுதியாகிறது. மகனும் வீட்டைவிட்டுச் செல்ல முனைகிறான். தாயின் தனிமைக்குத் துணையாக அவர்கள் அளிப்பது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி!

ஒளியேறாத அதன் திரையில் கேரியின் முகம் சிறைப்பட்டதுபோல் தெரிகிறது. அவள் ஏதும் பேசுவதில்லை. சாளரச் சட்டங்கள், கண்ணாடிகள், வண்ண ஒளி ஆகியவற்றால் பாத்திரங்கள் சொல்லாததைச் சொல்வதே சர்க்கின் நடை. ஜெர்மானிய இயக்குநர் ஃபாஸ்பைண்டர், 1974இல் தம் படமொன்றுக்கு இதனையே முன்மாதிரியாகக் கொண்டார்.

இறுதியில் காதலர் கூடுவதால் படத்தை எளிய இன்பியல் என்பாரும் உளர். ஆனால் நம் நெஞ்சில் நிற்பது அம்முடிவன்று, அந்தப் பெட்டியே. பிள்ளைகள் கொடியவர் அல்லர். அன்போடுதான் அதனை அளித்தனர். தாயும் ஒரு மனுஷி என்பதை மட்டும் மறந்தனர். கண்ணீரை எள்ளுமுன், அதற்குக் காரணமானோர் யாவர் என எண்ணிப் பார்ப்போமாக!