அந்நிய சகாயமும் தேச சுதந்தரமும்

1961-ம் வருஷத்தில் ஜனாதிபதி கென்னடி ஸ்தாபித்த அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி ஸ்தாபனம் 2025-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதியுடன் மூடப்பட்டது. அதற்கு முன்னதாக ஜனவரியிலேயே, ஜனாதிபதி டிரம்ப்பின் ஒரே கையெழுத்தினால் சகாயத் தொகைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆப்பிரிக்காவில் அப்பணத்தையே நம்பியிருந்த வைத்திய சாலைகள் திகைத்து நின்றன. அந்நியர் செய்யும் தர்மம் ஏழை தேசங்களுக்கு நன்மையா, தீமையா என்ற விவாதம் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. இதற்கு விடை தேட நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. இந்தியா அநுபவித்தே அறிந்த விஷயம் இது.

1954-ல் அமெரிக்கா தன்னிடம் மிகுந்து கிடந்த தானியத்தைப் பிற தேசங்களுக்கு அளிப்பதற்காக 480-வது பொதுச் சட்டத்தை இயற்றிற்று. 1956-ல் இந்தியா அதன்படி ஒப்பந்தம் செய்து கொண்டது. டாலர் வேண்டாம், ரூபாயே போதும் என்றார்கள். இதைவிடத் தாராளம் வேறென்ன வேண்டும்? ஆனால் மலிவான கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்க இறங்க, நமது வயல்களைக் கவனிக்க வேண்டுமென்ற அவசரம் சர்க்காருக்குக் குறைந்து போயிற்று என்பதே நமது அபிப்பிராயம்.

1965, 1966 ஆகிய இரு வருஷங்களிலும் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதியாயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஜனாதிபதி ஜான்ஸன் நெடுங்கால ஒப்பந்தத்தைக் கைவிட்டு, அவ்வப்போது அளந்து கொடுக்கும் முறையைக் கைக்கொண்டார். வியட்நாம் யுத்தத்தைப் பற்றி இந்தியா கண்டித்துப் பேசியது வாஷிங்டனுக்குக் கசந்தது. அன்று வந்த கோதுமை எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆயினும், சுதந்தர தேசமொன்று வாய் திறக்குமுன் துறைமுகத்தை எட்டிப் பார்க்க நேர்ந்ததே, அதை மறப்பவன் மானம் கெட்டவன்.

அதே காலத்தில் வேறொரு சகாயமும் வந்தது. ராக்பெல்லர் தர்ம ஸ்தாபனத்தின் ஆதரவில் மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை அது. நமது விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் அதன் பெருமையை உணர்ந்தார். உணவு மந்திரியாயிருந்த ஸி. சுப்பிரமணியம், எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல், 1966-ல் 18,000 டன் விதையை மெக்ஸிகோவிலிருந்து விலைக்கு வரவழைத்தார். 1964-65-ல் சுமார் 1 கோடியே 20 லக்ஷம் டன்னாயிருந்த கோதுமை விளைச்சல் 1970-71-ல் 2 கோடியே 30 லக்ஷம் டன்னைத் தாண்டிற்று. 1971-ன் முடிவில் 480-வது சட்டத்துக் கோதுமையை இந்தியா நிறுத்திக் கொண்டது.

ஜான்ஸன் நெருக்கியதனால்தான் இந்தியா விழித்தது என்று சொல்வாரும் உண்டு. நெருக்குதல் உறக்கத்தைக் கலைத்திருக்கலாம். ஆனால் ஏர் பிடித்தவன் நமது குடியானவன்; துணிந்து முடிவு செய்தவர்கள் நமது மந்திரிகள். சொந்தத்தில் விஞ்ஞானியும் நிர்வாகமும் இல்லாத தேசத்தை எவ்வளவு நெருக்கினாலும் பசி தீராது.

ஆகவே, சகாயம் என்ற பெயரைக் கொண்டு அதைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். வருஷா வருஷம் கையை நீளச் செய்யும் சகாயம் தளை. சில வருஷங்களில் தன்னையே அநாவசியமாக்கிக் கொள்ளும் சகாயமே தர்மம். பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் கேள்வி கேட்காமல் பெறலாம், கொடுக்கலாம். மற்றச் சமயங்களில் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கவே வேண்டும்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. ஒரு வேளைப் பாலுக்கு அது பொருந்தும். ஒரு தேசத்தின் ஏரில் பூட்டப் போகும் மாட்டுக்குப் பொருந்தாது. இன்று இந்தியாவும் அண்டை நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொடுக்கும் ஸ்தானத்தில் இருக்கிறது. வாங்கிய காலத்தில் நாம் பட்ட மனவேதனையை, கொடுக்கும் காலத்தில் பிறருக்கு உண்டாக்காதிருப்பதே நமது கடமை.