கனவு மட்டும் கண்டிருந்தால் அக்னி பறந்திருக்காது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அக்டோபர் 15 வந்தால் நம் குழுக்களில் கலாம் ஐயா படம் குவிகிறது. கூடவே இரண்டு செய்திகள். "தனி ஒருவராக ஏவுகணை செய்தார்" என்பது ஒன்று. "இதெல்லாம் புராண காலத்திலேயே நம்மிடம் இருந்தது" என்பது இன்னொன்று. இரண்டையும் மறுக்கிறேன். இரண்டுமே அந்த மனிதர் பட்ட பாட்டை மறைக்கின்றன.

நடந்ததைப் பாருங்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று, அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. காரணத்தைத் தேடித் திருத்தினார்கள். மறு ஆண்டு ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. 1983இல் ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. 1988இல் பிருத்வி பறந்தது. எஸ்.எல்.வி.யின் திட எரிபொருள் மோட்டார் அக்னிக்கு முதல் அடுக்கு. பிருத்வியின் திரவ எந்திரம் இரண்டாம் அடுக்கு. அதாவது, முன்பு கற்ற பாடத்தின் மேல்தான் அடுத்த பாடம்.

1989இல் அக்னியின் ஏவுதல் இரண்டு முறை கடைசி நேரத்தில் நின்றது. பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. மே 22 அன்று சண்டிப்பூரிலிருந்து பறந்தது. ஆனால் 1992 சோதனை மறுபடியும் தோல்வி. அக்னி-3 2006இல் தோற்று 2007இல் வென்றது. அக்னி-4க்குத் திட்ட இயக்குநர் டெஸ்ஸி தாமஸ் என்ற பெண்மணி. 5,000 கி.மீ. தாண்டும் அக்னி-5 2012இல் வந்தது. இதில் தனி ஒருவர் எங்கே?

1987இல் ஏழு நாடுகள் கூடி ஏவுகணைத் தொழில்நுட்பம் வெளியே போகாதபடி கட்டுப்பாடு போட்டன. காற்றுமண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது முனை ஏறக்குறைய 3,000 டிகிரி கொதிக்கும். அதைத் தாங்கும் கார்பன் கவசத்தை நம் ஆய்வகங்களே செய்தன. புராணத்தில் இருந்தது என்பவர்களைக் கேட்கிறேன்: அந்தச் செய்முறை எந்த ஓலையில் இருக்கிறது?

ஏவுகணை உயிர்க்கொல்லி ஆயுதம்தான். அதற்காக நான் கை தட்டவில்லை. அதே கார்பன் பொருளில் போலியோ பாதித்த பிள்ளைகளுக்கு, 3 கிலோ கால் தாங்கி 300 கிராமாகக் குறைந்ததே, அதற்குத்தான் தட்டுவேன்.

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. அறிவியலுக்கும் அதே விதிதான். சோதித்துக் காட்டு, தோற்றால் கணக்குச் சொல், பிறகு பேசு.

இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு கேள்வி. சுவரில் கலாம் படம், ஆய்வக பீரோவில் பூட்டு. இது என்ன மரியாதை? கண்ணாடி உடையும் என்று பயப்படாதீர்கள். உடையட்டும். வாரம் ஒரு சோதனையைப் பிள்ளைகள் கையால் செய்யட்டும்.

பெற்றோராக இருப்பவர்களுக்கு: மார்க் குறைந்த பிள்ளையிடம் "ஏன் தோற்றாய்" என்று கத்தாதீர்கள். "எந்த இடத்தில் தப்பு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 1979இலும் 1992இலும் அவர்கள் கேட்டது அந்தக் கேள்விதான்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். ஆதாரத்தோடு எழுதுங்கள்.

உங்கள் ஆசிரியர்