வீ.பீ.என். வழியாக வந்தவரும் வாடிக்கையாளரே

2018 மார்ச் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசு சமூக ஊடகங்களைத் தடை செய்தது. மக்கள் வீ.பீ.என்.னை நாடினர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்து பேஸ்புக் பார்த்தவர், இணையத்தின் கண்ணுக்கு நெதர்லாந்துக்காரராகத் தெரிந்தார். அங்கிருந்த விளம்பர இணைப்பை அழுத்தினாலும் அதே கதைதான்.

பிறர் பொருளை இணையத்தில் விளம்பரம் செய்து கொமிஷன் பெறும் நமது இளைஞர்களுக்கு இங்குதான் தலைவலி. விளம்பர வலையமைப்புகள் நாட்டுக்கு நாடு வேறு விலை கொடுக்கின்றன. அமெரிக்க வருகைக்கு விலை அதிகம். அதனால் மோசடிக்காரர்கள் வீ.பீ.என். மூலம் அமெரிக்கர் வேஷம் போடுகின்றனர். வலையமைப்புகளும் ஐ.பி. முகவரியைச் சோதித்து, சந்தேகமானதைக் கழிக்கின்றன. சில வேளை கணக்கையே மூடிவிடுகின்றன.

வெறும் கிளிக்குக்குப் பணம் மறுப்பதில் நான் குறை காணவில்லை. ஆனால், வந்தவர் பொருளை வாங்கி, பணமும் செலுத்தி, பொருளும் கைக்குக் கிடைத்த பின்னர் அவர் எந்த வழியால் வந்தால் என்ன? இலாபத்தை எடுத்துக்கொண்டு தரகரின் பங்கை மாத்திரம் வெட்டுவது என்ன வியாபாரம்? அத்தகைய விற்பனைக்கு இலங்கை விலையிலாவது கொமிஷன் தர வேண்டும்.

சேருமுன் வீ.பீ.என். பற்றிய நிபந்தனையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விளம்பரம் வேலை செய்கிறதா என்று பார்க்க, வீ.பீ.என். போட்டு நீங்களே அதை அழுத்திவிடாதீர்கள். கணக்கு மூடப்பட அதுவே போதும்.